இராமநாதபுரக் கரையின் பழம்பொருள்களுக்கு ஒரே ஒரு நுண்ணோக்கி: எதை வாங்குவது?

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், அழகன்குளம், பாம்பன், பெரியபட்டினம், கீழக்கரை வழியாக வாலிநோக்கம் வரை நீளும் இந்தக் கரையில் பழைய பள்ளிக்கூடத்துக்கோ, ஜமாத் அலுவலகத்துக்கோ, கோயில் நிர்வாகத்துக்கோ, கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ போனால், பெரும்பாலும் ஓர் அலமாரியைத் திறந்து காட்டுவார்கள். மழை கழுவிய மணல்மேட்டில் பொறுக்கிய பானை ஓடுகள், அறுத்த சங்கு வளையல் துண்டுகள், களிம்பேறிய செப்புக் காசுகள், கடுகளவு கண்ணாடி மணிகள், பூச்சி துளைத்த ஓலைச்சுவடிக் கட்டு என்று உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அண்மைக் காலமாக அந்த அலமாரிக்குப் பொறுப்பானவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, ஒரு நுண்ணோக்கி வாங்கலாம் என்று நினைக்கிறோம், எதை வாங்குவது?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நீண்ட கைத் தாங்கியுடன் கூடிய ஸ்டீரியோ நுண்ணோக்கியை வாங்க வேண்டும். ஆனால் அது சில கேள்விகளுக்கு முன் வாய் திறக்காது. அந்தக் கேள்விகள் எவை என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளாவிட்டால், வாங்கிய ஆறு மாதத்தில் அதன்மேல் துணி மூடிக் கிடக்கும். ஆகவே விடையைவிட அதற்கான காரணங்களே இங்கே முக்கியம்.

விற்பனைப் பட்டியல்கள் எல்லாம் உருப்பெருக்கத்தை முன்னிறுத்தியே பேசுகின்றன. 1000 மடங்கு, 1600 மடங்கு என்று எண் ஏற ஏறக் கருவி உயர்ந்தது என்ற தோற்றத்தை உண்டாக்குகின்றன. ஒளியைக் கொண்டு பார்க்கும் எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் வகுத்துக் காட்டிவிட்டார். ஒளியின் அலைநீளமும், லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்திலிருந்து ஒளியை வாங்குகிறது என்பதுமே அந்த எல்லையைத் தீர்மானிக்கின்றன. மிகச் சிறந்த எண்ணெய் லென்ஸுக்கும் ஏறக்குறைய 0.2 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட நெருக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். அதற்கு மேல் பெரிதாக்குவது மங்கலான ஒன்றை அகலமாக்குவதே தவிர, புதிதாக எதையும் காட்டுவதில்லை. நம் அலமாரியின் தேவையோ இந்த எல்லைக்கு வெகு தொலைவில் நிற்கிறது. தொல்பொருளைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு 10 மடங்கிலிருந்து 50 மடங்குக்குள் விடை கிடைத்துவிடும். உருப்பெருக்கத்தை விட்டுவிட்டு, லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி கிடைக்கிறது, ஒளியை எந்தப் பக்கத்திலிருந்து பாய்ச்ச முடிகிறது, பொருளைச் சுரண்டாமல் பார்க்க முடிகிறதா என்ற மூன்றையும் கேட்டால் தேர்வு எளிதாகும்.

நம்முன் இருக்கும் வழிகள் ஐந்து. கணினியிலோ கைபேசியிலோ செருகும் யூ.எஸ்.பி. நுண்ணோக்கி முதலாவது, இரு கண்ணாலும் ஆழத்தோடு பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி இரண்டாவது, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கொண்டு தாதுக்களை இனங்காண நிலவியல் துறைகளில் இருக்கும் போலரைசிங் நுண்ணோக்கி மூன்றாவது, மேலிருந்து ஒளி பாய்ச்சி, மெருகேற்றிய உலோகத்தைப் பார்க்கும் உலோகவியல் நுண்ணோக்கி நான்காவது, எதையும் வாங்காமல் ஆய்வகங்களுக்கு அனுப்புவது ஐந்தாவது. ஐந்தையும் சமமாக எடைபோட வேண்டிய அவசியம் இல்லை. சிலவற்றை ஒரு பத்தியில் கடந்துவிடலாம்.

கருவிக்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். புதைபொருள் சட்டம் 1878ஆம் ஆண்டிலிருந்தே நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம் இன்னும் விரிவானது. அலமாரியில் உள்ளவற்றை அறுக்கவோ, சுரண்டவோ, மெருகேற்றவோ நாமாக முடிவெடுக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையே மூன்றாவது, நான்காவது கருவிகளின் பயனைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது, ஏனென்றால் அவை இரண்டும் முழுத் திறனோடு வேலை செய்வதற்கு மாதிரித் துண்டு ஒன்று வேண்டும்.

யூ.எஸ்.பி. நுண்ணோக்கியைப் பலர் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குகிறார்கள், அது நியாயமில்லை. பொருளை மேசைக்குக் கொண்டுவர முடியாத இடத்தில் கருவிதான் பொருளிடம் போக வேண்டும். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களை எண்ணிப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டப்பட்ட அவை சுவரோடு ஒன்றியவை. அங்கே வண்ணப்படலம் எங்கே செதில் செதிலாகத் தூக்கியிருக்கிறது, எங்கே பிற்காலத்தார் தூரிகை பழைய விரிசலுக்குள் நுழைந்திருக்கிறது என்பதைப் பதிவுசெய்ய, கையடக்கமான இந்தக் கருவியும் ஒரு மடிக்கணினியும் போதும். வண்ணம் முதலில் வந்து விரிசல் பின்னால் வந்திருந்தால், விரிசலின் விளிம்பு உடைந்து கூர்மையாக இருக்கும். விரிசல் விழுந்த பிறகு வண்ணம் பூசியிருந்தால், அது விரிசலுக்குள் வழிந்து தேங்கி நிற்கும். இந்த வேறுபாட்டை 50 மடங்கில் ஒரு மாணவரே சொல்லிவிடலாம்.

அதன் குறைகளையும் நேராகச் சொல்ல வேண்டும். லென்ஸைச் சுற்றி வளையமாக எட்டு எல்.இ.டி. விளக்குகள் இருக்கும், பளபளப்பான பரப்பு எதுவாக இருந்தாலும் அந்த எட்டும் அதில் பிரதிபலிக்கும். பெரியபட்டினம் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகளுக்குப் பெயர் பெற்றது. அந்த வகைப் பச்சைப் பீங்கான் ஓடு ஒன்றை முதன்முதலில் இப்படிப் பார்த்தபோது, மெருகுக்குள் ஒழுங்கான வட்டத்தில் குமிழிகள் அமைந்திருப்பதாக நான் இரண்டு பக்கம் குறிப்பெழுதினேன். மறுநாள் ஓட்டைச் சற்றுத் திருப்பியபோது ‘குமிழிகள்’ அசையாமல் திரையின் அதே இடத்தில் நின்றன. நான் எழுதியது விளக்குகளைப் பற்றித்தான். போலரைசர் வளையம் பொருத்திய மாடல் இந்தப் பிரதிபலிப்பைப் பெருமளவு அடக்கும் என்பதால், யூ.எஸ்.பி. வாங்குபவர் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீணாகாது. இன்னொரு குறை, அது சொல்லும் உருப்பெருக்க எண் திரையின் அளவைப் பொறுத்தது; பெரிய திரையில் பார்த்தால் எண் தானாகக் கூடும். அளவுகோல் இல்லாமல் எடுத்த படம் ஆய்வுக்கு உதவாது. எனவே ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கண்ணாடி அளவுகோல் ஒன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இனி ஸ்டீரியோ. இதில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனி ஒளிப்பாதை சற்றே மாறுபட்ட கோணத்தில் வருவதால், மேடும் பள்ளமும் மேடாகவும் பள்ளமாகவுமே தெரியும். வழக்கமான கருவி 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை தொடர்ச்சியாகப் பெரிதாக்கும். லென்ஸுக்குக் கீழே ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் இதன் உயிரே இருக்கிறது. பார்த்துக்கொண்டே ஊசியால் மண்ணை அகற்றலாம், பஞ்சுக் குச்சியை ஓட்டலாம், காசைச் சாய்த்துத் திருப்பலாம். மற்ற நுண்ணோக்கிகளில் கண் மட்டும் வேலை செய்கிறது; இதில் கையும் சேர்ந்துகொள்கிறது.

அழகன்குளத்தை எடுத்துக்கொள்வோம். வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள இவ்வூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல பருவங்களில் அகழாய்வு நடத்தியிருக்கிறது. ரோமானியக் காசுகள், புள்ளி வரிசை உருட்டிப் பதித்த ரௌலட்டட் ஓடுகள், மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள், தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு ஒன்று எனக் கிடைத்தவை பல. இத்தகைய ஊரைச் சுற்றிப் பொறுக்கப்பட்ட ஓடு ஒன்றில் இரண்டு கோடுகள் தெரிந்தாலே எழுத்து என்று நம்பத் தோன்றும். அந்தக் கோடு சுடுவதற்கு முன் ஈரக் களிமண்ணில் இழுத்ததா, சுட்ட பிறகு கீறியதா, நேற்று மண்வெட்டி பட்டதா என்ற கேள்விக்கு ஸ்டீரியோ நுண்ணோக்கியும் ஒரு பக்கவாட்டுச் சாய்வொளியும் தரும் விடையை வேறெந்தக் கருவியும் இவ்வளவு மலிவாகத் தராது. ஈரத்தில் இழுத்த கோட்டின் இரு கரையிலும் களிமண் சற்றே ஒதுங்கி வரப்புபோல் உயர்ந்திருக்கும். தரை வழுவழுப்பாக இருக்கும். சுட்ட பிறகு கீறிய கோட்டின் விளிம்பு பல்பல்லாகப் பொரிந்திருக்கும். மேற்பூச்சு சில்லுச் சில்லாகத் தெறித்திருக்கும். அண்மைக் கீறலில் உட்தளம் பளிச்சென்று இருக்கும்; பழைய கீறலின் அடியில் மண்ணும் உப்பும் கெட்டியாகப் படிந்திருக்கும். எழுத்தை வாசிக்கத் தொடங்கும் முன் இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் செய்தியாளரை அழைப்பவர்கள் உண்டு. பார்த்த பிறகு அழைத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரிவதில்லை.

மணிகளுக்கும் இதே கருவிதான். உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்த மணியில், உள்ளே இருக்கும் குமிழிகளும் நிறக்கோடுகளும் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் அவை துளையைச் சுற்றி வளைந்திருக்கும். 20 மடங்கில், கீழிருந்து ஒளி விட்டுப் பார்த்தால், ஒரு மணிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தேவைப்படாது. சங்கு வளையல் துண்டுகளில் அறுத்த முகத்தைப் பார்க்க வேண்டும். ரம்பம் முன்னும் பின்னும் போன தடங்கள் இணைகோடுகளாக நிற்கும். உள்வட்டத்தைத் தேய்த்து இழைத்த தடம் அவற்றை வெட்டிக்கொண்டு வேறு திசையில் ஓடும். எந்தத் தடம் எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தால், எந்த வேலை முதலில் நடந்தது, எந்தக் கட்டத்தில் வளையல் உடைந்து கழிவாக எறியப்பட்டது என்று சொல்லிவிடலாம். முடிந்த வளையல்களைவிட இந்தக் கழிவுத் துண்டுகளே சங்கறுப்புப் பட்டறை எங்கே இருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அலமாரிக்காரர்கள் அழகான வளையலை மட்டும் வைத்துக்கொண்டு கழிவை வெளியே எறிந்துவிடுகிறார்கள்.

செப்புக் காசுகளில்தான் இந்தக் கருவியின் அவசரத் தேவை இருக்கிறது. ‘சேது’ என்று எழுதிய காசுகளும், சேதுபதிகளின் சிறு செப்புக் காசுகளும் இக்கரையில் பல கைகளில் இருக்கின்றன. களிம்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் பல படலங்கள். உலோகத்தை ஒட்டிச் செந்நிறக் குப்ரைட், அதன்மேல் இறுக்கமான பச்சை மலகைட் என்று அமைதியாக இருக்கும் காசைத் தேய்க்கவே கூடாது. எழுத்தின் மேடு பெரும்பாலும் அந்தப் பச்சையிலேயே பதிந்திருக்கும். அதற்கு மாறாக, வெளிர்ப்பச்சை நிறத்தில் மாவுபோல் உதிரும் சிறு குழிகள் தென்பட்டால், அது வெண்கல நோய். உலோகத்தின் அருகே தங்கிய செப்புக் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தாண்டினால் இது தொடரும்; இக்கரையில் திறந்த அறையின் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிமானத்தைச் சோதிக்கும் நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதற்குக் காரணமே இங்குள்ள காற்று உலோகத்துக்கு அவ்வளவு கொடியது என்பதுதான். நோயுற்ற காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இடுவதற்கு, 15 மடங்கில் மாதம் ஒருமுறை பார்த்தாலே போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது தாங்கி. சாதாரணத் தாங்கியில் காசும் மணியும் அடங்கும். குடமும் தூண்டாமணி விளக்கும் அடங்கா. மேசை விளிம்பிலிருந்து கை நீட்டுவதுபோல் நீளும் தாங்கி வேண்டும். லென்ஸுக்கு முன்னால் 0.5 மடங்குத் துணைலென்ஸ் ஒன்றைப் பொருத்தினால் உருப்பெருக்கம் பாதியாகும், ஆனால் இடைவெளி ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். பெரிய பொருள்களுக்கு அது நல்ல பேரம். வளைந்து நிற்கும் கழுத்துடைய இரண்டு தனி விளக்குகள் அவசியம், ஏனென்றால் சாய்வொளி இல்லாத ஸ்டீரியோ பாதிக் குருடு. கேமரா பொருத்த மூன்றாவது குழாய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைபேசியைக் கண்வில்லையில் பிடித்துப் படமெடுக்கச் சில நாள்களில் பழகிவிடும்.

அப்படியானால் ஸ்டீரியோ வாய் மூடிக்கொள்ளும் இடம் எது? ஆம்போரா ஓட்டிலிருந்து தொடங்கலாம். இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியில் செய்த ஆம்போராக்களின் களிமண்ணில் எரிமலை மணல் கலந்திருக்கும். உடைந்த முகத்தில் கருமணிகள் தெறித்ததுபோல் தெரியும். அந்தக் கருமணியைக் கண்டதும் இத்தாலி என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் தென்தமிழகக் கடற்கரை மணலிலும் இல்மனைட் என்ற கருந்தாது உண்டு. உள்ளூர்ப் பானையில் அது கலந்திருந்தால் ஸ்டீரியோவில் அதுவும் கருமணியாகவே தெரியும். இரண்டையும் பிரிக்க, ஓட்டிலிருந்து விரல்நகம் அளவு துண்டு ஒன்றை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்க்க வேண்டும். அந்த மெல்சீவலை போலரைசிங் நுண்ணோக்கியில் வைத்தால், எரிமலைத் தாதான ஆகைட் ஒளியைத் தன் வழியே விட்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு வடிகட்டிகளுக்கு இடையே பளிச்சென்று நிறம் காட்டும்; இல்மனைட் எப்படித் திருப்பினாலும் கறுப்பாகவே நிற்கும். ஒரு ஓட்டின் கதை பல ஆயிரம் மைல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை இந்தச் சிறு வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. பாறையை மெல்லிதாகத் தேய்த்துப் பார்க்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சார்பி வளர்த்தெடுத்தார். உலோகத்தை மெருகேற்றிப் பார்க்கத் தொடங்கியவரும் அவரே.

வண்ணத்துக்கும் போலரைசிங் கருவிதான் துணை. ஊசிமுனையளவு துகளை ஒளிவிலகல் எண் தெரிந்த பசையில் பதித்து, அதன் விளிம்பிலுள்ள ஒளிக்கோடு உள்நோக்கி நகர்கிறதா வெளிநோக்கி நகர்கிறதா என்று பார்த்தே நிறமியைக் கண்டுபிடிக்கிறார்கள். நீலத்துக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. பிரஷ்ய நீலம் பெர்லினில் உருவானது 1700களின் முதற்பத்தாண்டில். செயற்கை அல்ட்ராமரின் வந்தது 1828ஐ ஒட்டி. 1725க்கு முந்தைய சுவரோவியம் ஒன்றில் சீரான சிறு உருண்டைகளாகச் செயற்கை அல்ட்ராமரின் துகள்கள் தென்பட்டால், அந்த இடம் மறுபூச்சு என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட சுவரிலிருந்து துகள் எடுக்கும் உரிமை உரிய துறைக்கே உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இத்தகைய வேலையில் நீண்ட மரபுடையது. ஊர் அலமாரிக்காரர் இதற்காக ஒரு லட்சத்தைத் தாண்டும் கருவியை வாங்குவது, ஒரு வேளைப் பொங்கலுக்குக் கல்யாண அண்டா வாங்குவதுபோல் ஆகும்.

போலரைசிங் ஒளியின் ஒரு பயன் மட்டும் இக்கரையில் அன்றாடத் தேவை. அதற்கு விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். சுவரிலும் சிற்பத்திலும் ஓட்டிலும் உப்புப் பூக்கிறது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பின் நிற்கும் இடிபாடுகளிலிருந்து கீழக்கரைப் பழங்கட்டடங்கள் வரை ஓதம் ஏறிக் காரை பொரிவதை யாரும் பார்க்கலாம். அந்த வெள்ளைப் பூ கடலுப்பா, சுவரின் சுண்ணாம்பிலிருந்தே வந்த கால்சைட்டா, ஜிப்சமா என்று தெரியாமல் மருத்துவம் செய்ய முடியாது. பள்ளியில் கிடக்கும் பழைய உயிரியல் நுண்ணோக்கி ஒன்றில், விளக்குக்கு மேல் ஒரு போலராய்டுத் தாளும் கண்வில்லைக்கு மேல் குறுக்காக இன்னொன்றும் வைத்து, பூத்த தூளைச் சொட்டு எண்ணெயில் இட்டுப் பாருங்கள். பின்புலம் இருண்டுவிடும். கடலுப்பின் கனசதுரப் படிகங்களும் அதோடு சேர்ந்து இருண்டுவிடும். கால்சைட் முத்துபோல் வெண்மையாக மின்னும். ஜிப்சம் மங்கிய சாம்பல் நிறத்தில் தெரியும். கடலுப்பு என்றால், ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது கரைந்து, கீழே இறங்கும்போது மீண்டும் படிகமாகும். இங்கே நள்ளிரவும் நடுப்பகலும் அந்தக் கோட்டின் இரு பக்கமாகவும் ஆடுவதால், படிகம் ஒவ்வொரு நாளும் சுவரின் நுண்துளைகளைப் பிளந்துகொண்டே இருக்கிறது. ஓடுகளிலுள்ள உப்பை நன்னீரில் ஊறவைத்து எடுக்கலாம் என்று பாடநூல்கள் சொல்லும். நம் ஊர்க் கிணற்று நீரே உப்பாக இருப்பதை அவை அறியா. காய்ச்சி வடித்த நீரை விலைக்கு வாங்குவதுதான் வழி.

உலோகவியல் நுண்ணோக்கியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மெருகேற்றி அமிலம் தடவிய வெண்கலத் துண்டில், வார்ப்பாக இருந்தால் கிளைவிட்ட மரம்போன்ற படிக அமைப்பும், அடித்துக் காய்ச்சியிருந்தால் நேர்கோட்டு இரட்டைப் பட்டைகள் கொண்ட துகள்களும் தெரியும். அறிய ஆவலான செய்திதான். ஆனால் அதற்குப் பொருளை வெட்ட வேண்டும். ஏற்கெனவே உடைந்த துண்டு, உரிய இசைவு, கற்றறிந்த கை ஆகிய மூன்றும் கூடும் நாளில் உலோகவியல் துறையுள்ள கல்லூரி ஒன்றை நாடிப் போகலாம்.

ஐந்தாவது வழியான ஆய்வகத்துக்கு அனுப்புதல் ஸ்டீரியோவுக்கு மாற்று அன்று. ஒளி நுண்ணோக்கி எதுவாயினும் பொருளில் செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியும் தனிமப் பகுப்பாய்வும் வேண்டும். ஆனால் நூறு ஓடுகளில் எந்த மூன்றை அனுப்புவது, அந்த மூன்றிலும் எந்த மூலையில் துண்டு எடுப்பது என்பதை வீட்டிலேயே பார்த்துத் தேர்ந்தெடுத்தவருக்குத்தான் அந்த ஆய்வறிக்கை பயன்படும். பார்க்காமல் அனுப்பியவருக்குக் கிடைப்பது எண்களின் பட்டியல் மட்டுமே.

விலையைப் பொறுத்தவரை, யூ.எஸ்.பி. சில ஆயிரங்களில் தொடங்குகிறது. நல்ல ஸ்டீரியோவுக்குத் தாங்கி, விளக்குகளோடு பல பத்தாயிரம் ஆகும். மற்ற இரண்டும் லட்சக் கணக்கு. ஆனால் இக்கரையில் மறைவான செலவு ஒன்று உண்டு. உப்புக் காற்றிலும் ஈரத்திலும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலைபோல் ஒருமுறை படர்ந்துவிட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது இதற்கு மருந்தன்று, ஈரத்தை உள்ளே பூட்டுவதாகும். இறுக்கமாக மூடும் பெட்டியும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் வறுத்து மீண்டும் போட வேண்டும். வாடைக் காலத்தில் இதை வாரம் ஒருமுறை செய்ய ஆளில்லாத நிறுவனம், எந்தக் கருவியை வாங்கினாலும் மூன்றாவது ஆண்டில் புகைமூட்டத்தையே பார்க்கும். அத்தகைய இடத்துக்கு விலை குறைந்த யூ.எஸ்.பி.யே பொருத்தம் என்பேன்.

பொருளுக்கேற்ப என் தேர்வும் சற்று மாறும். சுவரோவியமோ, பெயர்க்க முடியாத சிற்பமோ முதன்மையாக இருப்பவர்கள் போலரைசர் உள்ள யூ.எஸ்.பி.யோடு தொடங்கலாம். நிலவியல் துறையுள்ள கல்லூரி வளாகத்தில் இருப்பவர்கள் போலரைசிங் கருவியை இரவல் பெற்று, தங்கள் பணத்தை ஸ்டீரியோவின் தாங்கியிலும் விளக்கிலும் போடலாம். ஓலைச்சுவடி மட்டுமே உள்ளவர்களுக்கு, எழுத்தாணிக் கீறலில் மை நிற்கிறதா, பூச்சித் துளை புதியதா பழையதா என்று பார்க்க 10 மடங்குக் கைலென்ஸும் சாய்வொளியும் முதல் இரண்டு ஆண்டுக்குப் போதும். காசும் மணியும் ஓடும் சங்கும் கலந்த அலமாரிக்கு, அதாவது இக்கரையின் பெரும்பாலான அலமாரிகளுக்கு, ஸ்டீரியோவும், பள்ளியின் பழைய உயிரியல் நுண்ணோக்கியில் வைக்க இரண்டு துண்டுப் போலராய்டுத் தாளும்.

மதுரைக்கோ சென்னைக்கோ கருவி வாங்கப் போகும்போது கையில் மூன்று பொருள்களை எடுத்துச் செல்லுங்கள்: இன்றைய சங்குக் கடையில் வாங்கிய ஒரு வளையல், பழைய பத்துப் பைசா ஒன்று, வீட்டில் உடைந்த மண்சட்டியின் துண்டு. தொல்பொருள் எதையும் பேருந்தில் கொண்டுபோக வேண்டாம். வளையலின் உள்முகத்தில் இழைத்த தடம் சாய்வொளியில் எழுந்து நிற்கிறதா, காசைப் பார்த்துக்கொண்டே லென்ஸுக்குக் கீழே பஞ்சுக் குச்சியை ஓட்ட உங்கள் கை நுழைகிறதா, சட்டித் துண்டைச் செங்குத்தாக நிறுத்தினால் உடைந்த முகம் குவியத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், விலை பேசத் தொடங்கலாம்.